யாதகிரி அண்ணன் போட்ட ஒன்பது

ஆரோக்கியசாமி வந்து நின்றபோது என் இரண்டு கையிலும் வத்தல் மாவு.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். ஹைதராபாத் வெயிலை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், கூழ் வத்தல் காய்வதற்கு அதை அடிக்க வேறு வெயில் கிடையாது. குவார்ட்டர்ஸ் பின்வாசலில் பழைய வேட்டியை விரித்து, நான் பாட்டுக்கு அச்சில் மாவை அடைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே ரேடியோவைப் பாடவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா..." என்று ஒரு குரல்.

திரும்பினால் ஆரோக்கியசாமி. டூல் ரூமில் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத், வீடு மல்காஜ்கிரியில். அன்றைக்குக் குருத்து ஞாயிறு போல. கோயில் முடிந்து நேராக வந்திருக்கிறார். சட்டைப் பையில் குருத்தோலையில் முடைந்த சின்னச் சிலுவை எட்டிப் பார்த்தது. கையில் ரெக்சின் பை. பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து, வத்தல் வேட்டியின் ஓரத்தில் வைத்தார். துண்டைப் பிரித்தார்.

எங்கள் காலனியின் சீட்டாட்டக் கப்பு. சங்கராந்திக்கு நடந்த இருபத்தெட்டு டோர்னமெண்டில் அவரும் அவருடைய ஜோடியும் ஜெயித்தது.

"என்ன ஆரோக்கியம், கப்பைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? அதுக்குள்ள கறுத்துப் போச்சா?" என்றேன்.

"நக்கோ அக்கா, வேண்டாம், சிரிக்காதீங்க. இது என்னுது இல்லை."

"பின்ன யாருது?"

அவர் உள்பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே இருந்தது எங்கள் வீட்டுக்காரர்.

நாலாவது கை

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஒரு டிராயிங் ஆபிஸ் பொம்பளை எப்படிச் சீட்டாட்டத்துக்கு அம்பயர் ஆனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் நான் ட்ரேஸராக வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்தவர்கள், "அதெப்படி, மையும் பேனாவுமா இருந்தவ சீட்டுக்குப் போனா?" என்று கேட்கத்தான் கேட்பார்கள்.

எனக்கு மூன்று அண்ணன்கள். திருநெல்வேலியில் மழை நாளில் சீட்டுப் போட உட்கார்ந்தால் நாலாவது கைக்கு ஆள் கிடைக்காது. என்னை இழுத்து உட்கார வைப்பார்கள். ஏழு வயதில் ஆரம்பித்தது. பத்து வயதில் அண்ணன்மார் என்னை எதிர்க்கட்சியில் உட்கார வைக்கப் பயந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை சர்க்காருடையது. நாலா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மலையாளத்து டர்னர்கள் கேன்டீனில் ஆட ஆரம்பித்த இருபத்தெட்டு, தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், தெலுங்குக்காரர்களும் ஒட்டிக்கொண்டார்கள். காசு வைத்து ஆடக்கூடாது என்று வெல்ஃபேர் ஆபிசர் கப்பு ஒன்றை வாங்கி வைத்தார். காசு வைத்து ஆடியிருந்தால்கூட அவ்வளவு சண்டை வந்திருக்காது. ஒரு வருஷம் ஃபைனலில் நாற்காலி பறந்தது.

ஃபவுண்டரிக்காரன் ஜட்ஜாக உட்கார்ந்தால் மெஷின் ஷாப் ஒத்துக்கொள்ளாது. மெஷின் ஷாப் உட்கார்ந்தால் டூல் ரூம் குதிக்கும். டிராயிங் ஆபிஸில் டீமே கிடையாது. அங்கே ஆடத் தெரிந்த ஒரே ஆள் நான். வெல்ஃபேர் ஆபிசர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் தயங்கவே இல்லை.

"நான் சொன்னா சொன்னதுதான். அப்பீல் கிடையாது. அதுக்குச் சம்மதம்னா வாரேன்" என்றேன்.

முதல் நாள் ஹாலில் ஒரே கிண்டல். "அம்பயரம்மா, துருப்பு எதுன்னு சொல்லுங்க" என்று ஒருத்தன். மூன்றாவது ஆட்டத்தில் அவனையே எழுப்பி வெளியே அனுப்பினேன். அதற்குப் பிறகு கிண்டல் நின்றது, பெயர் மட்டும் நிலைத்தது.

கள்ள வெட்டு

இருபத்தெட்டு ஆடாதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லுகிறேன். நாலு பேர், எதிரும் புதிருமாக இரண்டு ஜோடி, கைக்கு எட்டுச் சீட்டு. ஜாக்கிதான் பெரியவன், மூன்று பாயிண்ட். அடுத்தவன் ஒன்பது, இரண்டு பாயிண்ட். ராஜா ராணிக்குப் பாயிண்டே கிடையாது. ஒரு ஜோடி "எங்களால் இத்தனை எடுக்க முடியும்" என்று கேட்கும். எடுத்தால் ஜெயிப்பு, ஒன்று குறைந்தாலும் தோல்வி.

ஒருத்தர் எந்த ஜாதிச் சீட்டை இறக்குகிறாரோ, அதே ஜாதி கையில் இருந்தால் மற்றவர்களும் அதைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மட்டுமே துருப்பால் வெட்டலாம். கையில் வைத்துக்கொண்டே "இல்லை" என்று வெட்டினால் அது கள்ள வெட்டு.

கள்ள வெட்டில் பாதிக்கு மேல் கள்ளமே இருக்காது, அதுதான் வேடிக்கை. ஆட்டினும் டைமனும் இரண்டும் சிவப்பு. அடுத்தடுத்து அடுக்கினால் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொள்ளும். விரல் வியர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். மனுஷன் வெட்டிவிட்டு, நாலு சீட்டும் ஒரு பிடியாகக் குவிந்து கவிழ்ந்த பிறகு பார்ப்பான்: ஐயையோ, இருக்கிறதே!

அந்த நிமிஷத்தில்தான் மனுஷனின் லட்சணம் தெரியும்.

உடனே வாயைத் திறந்து சொன்னால், சீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள விடுவேன். ஒரு தண்டனையும் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் சொன்னால் அந்த ஆட்டம் மட்டும் போச்சு, மானம் போகாது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துவிட்டால், அப்புறம் வந்து யார் என்ன சொன்னாலும் நான் காது கொடுக்க மாட்டேன். எதிராளி குற்றம் சொன்னாலும் சரி, ஆடினவனே வந்து ஒத்துக்கொண்டாலும் சரி.

"இதென்ன அநியாயம், ஒருத்தன் தானா வந்து உண்மையைச் சொன்னா ஏத்துக்க மாட்டீங்களா?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

ஏன் அந்தச் சட்டம் போட்டேன் தெரியுமா? ஒரு வருஷம் ஒரு வெல்டர் அரையிறுதியில் ஜெயித்தார். மறுநாள் காலை டிராயிங் ஆபிஸ் வாசலில் வந்து நின்று, "மேடம், நேத்து நான் கள்ள வெட்டு வெட்டிட்டேன். எங்க ஜோடி தோத்ததா எழுதிக்குங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

எனக்கே மனசு இளகிவிட்டது. ஆனாலும் கேட்டேன். எத்தனாவது பிடி? யார் இறக்கினது? துருப்பு எது? மனுஷன் முழித்தார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. அவருடைய தங்கையைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்த ஜோடிக்காரர், வேறு இடத்தில் நிச்சயம் பண்ணிக்கொண்டாராம். அவன் கைக்குக் கப்பு போகக்கூடாது என்பதற்காகத் தன் தலையில் பொய்யாகக் குற்றத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். சீட்டுதான் சாட்சி. கலைந்த சீட்டு சாட்சி சொல்லாது. மனுஷன் அழுதாலும் நம்புகிறதற்கில்லை.

அந்த ஃபைனல்

ஆரோக்கியசாமி கொண்டுவந்த கப்புக்கு வருவோம்.

அந்த வருஷம் ஃபைனலில் ஒரு பக்கம் ஆரோக்கியசாமியும் டர்னர் நாயரும். இன்னொரு பக்கம் ஃபவுண்டரி யாதகிரி அண்ணனும் எங்கள் வீட்டுக்காரர் ஆறுமுகமும்.

வீட்டுக்காரர் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். தலைமுடி கனத்துக்குப் பிசகு இருந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவார். "உன் புருஷன் கண்ணு கண்ணா, மைக்ராஸ்கோப்பா?" என்று மெஷின் ஷாப்பே புலம்பும். யாதகிரி அண்ணன் அவருக்கு நேர் எதிர். பெரிய குரல், பெரிய சிரிப்பு, சீட்டை மேஜையில் அறைந்துதான் போடுவார். என்னை 'செல்லெம்மா' என்பார், தெலுங்கில் தங்கச்சி. வருஷா வருஷம் இந்த ஜோடி அரையிறுதி வரை வரும், கவிழும். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஃபைனல்.

புருஷன் ஆடுகிற ஆட்டத்துக்குப் பெண்டாட்டி அம்பயரா என்று முணுமுணுப்பு எழுந்தது. நானே விலகிக்கொள்கிறேன் என்றேன். வேறு யாரையும் எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று நின்றேன். ஆனால் ஒன்று செய்தேன்: ஆட்டம் முடியும் வரை அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் சைகை காட்டினாள் என்பானுங்க. மேஜையையும் கையையும் மட்டும் பார்த்தேன்.

சரிக்குச் சரியாக வந்து, கடைசி ஆட்டம். ஆரோக்கியசாமி ஜோடி பதினெட்டு கேட்டிருந்தது. துருப்பு க்ளாவர். பாதி ஆட்டத்துக்கு மேல் போயாச்சு. எங்கள் வீட்டுக்காரர் டைமன் ஜாக்கியை இறக்கினார். அதுவரை டைமனே மேஜைக்கு வரவில்லை. நாயர் சின்ன டைமன் ஒன்றைப் போட்டார். யாதகிரி அண்ணன் கையில் ராணியும் இருந்தது, ஒன்பதும் இருந்தது. ஜோடி ஜாக்கியைப் போட்டிருக்கிறான், பிடி நமக்குத்தான் என்று சந்தோஷமாக ஒன்பதை எடுத்து அறைந்தார். மேஜை ஆடியது.

கடைசிக் கை ஆரோக்கியசாமி. ஒரு நொடி தடவினார். க்ளாவரால் வெட்டினார்.

அவர்கள் பத்தொன்பது எடுத்தார்கள். யாதகிரி அண்ணன் ஒன்பதுக்குப் பதில் ராணியைப் போட்டிருந்தால் பதினேழுதான். கப்பு இந்தப் பக்கம் வந்திருக்கும். இந்தக் கணக்கு ஹாலில் இருந்த ஒவ்வொருத்தனுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"அவங்க கைக்குப் போட்டேன், அவங்க கைக்குப் போட்டேன்!" என்று யாதகிரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'தொம்மிதி யாதகிரி'. தொம்மிதி என்றால் ஒன்பது. கேன்டீனில் டீ வாங்கப் போனால், "தொம்மிதிகாருக்கு ஒன்பது டீ" என்பான் எவனாவது. சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

பின்வாசல் தீர்ப்பு

"ஒட்டிக்கிட்டிருந்துச்சு அக்கா. ஆட்டினுக்குப் பின்னால ஒரு டைமன்" என்றார் ஆரோக்கியசாமி, நின்றபடியே. "வெட்டின அடுத்த பிடியில பார்த்துட்டேன். வாய் வரைக்கும் வந்துச்சு. நாயர் முகத்தைப் பார்த்தேன், முழுங்கிட்டேன். கடைசிப் பிடியில எல்லாரும் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தப்ப மத்தவங்க சீட்டோட சேர்த்துப் போட்டுட்டேன். யாரும் கவனிக்கலை, நீங்ககூட."

"இப்ப என்ன திடீர்னு?"

"தவக்காலம் இல்லையா. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர்கிட்ட வேற என்னென்னமோ சொல்லிட்டு இதையும் சொன்னேன். அவர் மத்ததை எல்லாம் விட்டுட்டார் அக்கா. 'எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா'ன்னுட்டார்."

உள்ளே ரேடியோ நின்றது. இஸ்திரிப் பெட்டியின் சத்தமும் நின்றது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. மாவுக் கையோடு அந்தக் கப்பை எடுத்து உள்ளே கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. எத்தனை வருஷமாக ஆடுகிற மனுஷன்! ஆனால் மறுநாள் காலனியில் என்ன பேசுவார்கள்? 'ஊரான் வந்து ஒத்துக்கிட்டா காது கேக்காது, புருஷனுக்குன்னா கலைஞ்ச சீட்டும் பேசுது' என்பார்கள். வெல்டரை விரட்டின வாய் இது. அதே வாய் இவருக்கு மட்டும் வேறு சொல்லலாமா?

"சீட்டு கலைஞ்சாச்சு ஆரோக்கியம். கப்பு உங்களுதுதான்" என்றேன்.

"அக்கா, ஃபாதர்..."

"ஃபாதர் தீர்ப்பு கோயிலுக்குள்ள. இங்க என் தீர்ப்பு. கொடுத்துட்டா உங்களுக்கு நிம்மதி, எனக்கு வம்பு. எடுத்துட்டுப் போயி அலமாரியில வைங்க. பார்க்கும்போதெல்லாம் உறுத்தட்டும், அதுதான் தண்டனை. வெளியில மூச்சு விடக்கூடாது. இனிமே சீட்டு அடுக்கும்போது சிவப்புக்குப் பக்கத்துல கறுப்பை வைங்க."

"ஹவ் அக்கா, சரி" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. கப்பைத் துண்டில் சுற்றினார். பாவம், வந்ததைவிடக் கனமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். வத்தலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "காக்கா வந்துரப் போகுது, குடையை விரிச்சு வையி" என்றார். மறுபடி உள்ளே போய் இஸ்திரியைத் தொடர்ந்தார்.

அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபப்பட்டால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். அதற்கப்புறம் அவரும் யாதகிரி அண்ணனும் ஃபைனல் பக்கமே வரவில்லை. ஒவ்வொரு சங்கராந்திக்கும் யார் கையிலாவது கப்பைக் கொடுக்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். என் வாய்க் கொழுப்பால் அவருக்குக் கிடைக்க வேண்டியது போச்சே என்று. நான் செய்தது சரி என்பதில் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சரியாகச் செய்துவிட்டும் மனசு அடித்துக்கொள்ளும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

டைமன் ஏழு

வருஷங்கள் ஓடிப்போயின. வீட்டுக்காரர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். மல்காஜ்கிரியில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தோம். ஒரு காலை நேரம், வீடு முழுக்கச் சாக்கும் கயிறுமாகக் கிடக்கிறது.

எங்கள் பெண்ணுக்கு நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். அலமாரி மேல்தட்டிலிருந்து பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, "அம்மா, ஈ பேக்க முக்கலு பாரேய்யனா?" என்றாள். இந்தச் சீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறாள்.

டோர்னமெண்டில் தேய்ந்த சீட்டுக்கட்டுகள் அம்பயர் வீட்டுக்கு வந்துவிடும். அது எங்கள் காலனி வழக்கம். அப்படி வந்தவற்றில் ஒன்று.

"கொடு இங்க" என்று வீட்டுக்காரர் வாங்கினார். கட்டின சாக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஒரு சீட்டில் நின்றார். சிரித்தார்.

"இந்தா, நம்ம ஆரோக்கியத்தோட சீட்டு" என்று என்னிடம் நீட்டினார். டைமன் ஏழு.

நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். வாங்கின கை அப்படியே நின்றது.

ஆரோக்கியசாமி அன்றைக்குப் பின்வாசலில் 'ஒரு டைமன்' என்றுதான் சொன்னார். ஏழா எட்டா என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

"ஏழுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் பெண்ணிடம், "நீ போயி டீ போடும்மா" என்றார்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கேன். எப்படித் தெரியும்?"

"கடைசிப் பிடியில போட்டானே, பார்த்தேன்."

"அப்பவேவா?"

"அப்பவேதான். டைமனை வெட்டினவன் கையிலேர்ந்து டைமன் விழுது. கண்ணுக்குத் தெரியாம இருக்குமா?"

நான் சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைமுடி கனத்துப் பிசகைப் பிடிக்கிற கண் அது! ஒரு முழுச் சீட்டை விட்டிருக்குமா? இத்தனை வருஷம் எனக்கு இது ஏன் தோன்றவே இல்லை?

"பின்ன ஏன் வாயைத் திறக்கலை? சீட்டு மேஜையில கிடந்துச்சே. சொல்லியிருந்தா நான் பிடியைப் புரட்டிப் பார்த்திருப்பேனே!"

"பார்த்து என்ன சொல்லியிருப்ப? 'என் வீட்டுக்காரர் ஜெயிச்சார்'னு ஊருக்கு முன்னாடி உன் வாயால சொல்லியிருக்கணும். அன்னைக்கு ஹால்ல எத்தனை பேர் அதுக்காகவே காத்துக்கிட்டு நின்னானுங்க தெரியுமா? அதுக்கப்புறம் உன் பேச்சுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? கப்பு போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று இருந்தது. அழுதேன், மறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சி முடிப்பதற்குள் கோபமும் வந்துவிட்டது. நான் அப்படித்தான்.

"நான் தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாக்கும்?"

"சிவகாமி..."

"ஊரே கத்தியிருக்கும். கத்தட்டுமே! பிடியைப் புரட்டி ஏழைக் காட்டி, 'இந்தா பாருங்கலே'ன்னு சொல்லியிருப்பேன். என் தீர்ப்புக்கு நீங்க காவல் நிக்கணுமா?"

எனக்குப் பேச்சு நிற்கவில்லை. அந்த வேகத்தில்தான் அந்தப் பெயர் வாயில் வந்தது. "கப்பு உங்களுக்கு மட்டுமா? யாதகிரி அண்ணனுக்கு..."

சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன்.

யாதகிரி அண்ணன். அந்த ஒன்பது.

இத்தனை வருஷமாக அந்த மனுஷன் தன்னால்தான் கப்பு போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ரிடையர்மெண்ட் விழாவில் மாலையைப் போட்டு, 'தொம்மிதிகாரு' என்றுதான் மைக்கில் கூப்பிட்டார்கள். அவரும் எழுந்து, "நேனு ஆ தொம்மிதி போடாம இருந்திருந்தா..." என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஹால் சிரித்தது. அந்த ஒன்பதில் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஆரோக்கியசாமியின் வாயை நான் அடைத்தேன். வீட்டுக்காரர் என் மரியாதைக்காகத் தன் வாயை அடைத்துக்கொண்டார். நானோ, கப்பு யாருக்கு என்பதை மட்டும் யோசித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, காயப்போட்ட வத்தலைப் பார்க்கப் போய்விட்டேன்.

வெல்டர் விஷயத்தில் சரியாக இருந்த சட்டம் இங்கே இடறிவிட்டது. கப்பைக் கொடுக்க மாட்டேன் என்றது சரி. உண்மையைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருந்தது? அது நானாகச் சேர்த்தது.

"செருப்பைப் போடுங்க" என்றேன்.

"எங்க?"

"ஹப்சிகுடாவுக்கு. அண்ணன் வீட்டுக்கு."

"லாரி பன்னெண்டு மணிக்கு வருது சிவகாமி."

"வரட்டும். நிக்கும்."

ஹப்சிகுடாவில்

யாதகிரி அண்ணன் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "அரே ஆறுமுகம்! செல்லெம்மா! ரா, ரா!" என்று பழைய குரலிலேயே கத்தினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

உள்ளே உட்காரக்கூட இல்லை. வீட்டுக்காரர் நின்றபடியே சொன்னார். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஆரோக்கியம் கையில் டைமன் இருந்தது, கள்ள வெட்டு, கடைசியில் ஏழைப் போட்டான், நான் பார்த்தேன், சொல்லவில்லை. அவ்வளவுதான். பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். ஆரோக்கியம் கப்போடு வந்ததையும், நான் அவர் வாயை அடைத்து அனுப்பினதையும்.

யாதகிரி அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்.

"ராணி போட்டிருந்தா?" என்றார் மெதுவாக.

"எதைப் போட்டிருந்தாலும் அது உங்க பிடிதான் அண்ணா. ஆரோக்கியம் வெட்டினதே செல்லாது" என்றேன்.

"அப்ப அந்த ஒன்பது..."

"சரியான சீட்டு" என்றேன். "ஜோடி ஜாக்கி இறக்கியிருக்கு, ஜாதி முதல் தடவையா மேஜைக்கு வருது. நானா இருந்தாலும் ஒன்பதைத்தான் போட்டிருப்பேன். அம்பயரா சொல்றேன்."

அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லியிருந்தா செல்லெம்மா நமக்கு இச்சேசுண்டேதி, தெலுசா? யாருக்கும் பயப்படாது. கொடுத்திருக்கும். எனக்குத் தெரியும். நுவ்வு மொகுடு, உனக்குத் தெரியலை." நீ புருஷன், உனக்குத் தெரியவில்லையே என்கிறார். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாக மட்டும் இல்லை.

அப்புறம் யாதகிரி அண்ணன் உள்ளே பார்த்துப் பெரிதாகக் குரல் கொடுத்தார். "ஏமே! இட்ரா!"

அவருடைய மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். "மள்ளி செப்பு" என்றார். மறுபடியும் சொல்.

சொன்னேன்.

அந்த அம்மா கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தார். அண்ணன் அதோடு விடவில்லை. கதவைத் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவருக்குச் சீட்டில் எது ஜாக்கி, எது ராணி என்றே தெரியாது. இருந்தாலும் உட்கார வைத்தார்.

"செல்லெம்மா, இவருக்கும் சொல்லு."

லாரி வந்து நிற்கிற நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. டைமன் ஜாக்கியிலிருந்து ஆரம்பித்து, மூன்றாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருகிற இடத்தில் அண்ணன் கையை ஓங்கி, தன் தொடையில் ஓர் அறை அறைந்தார்.